குறைந்த காசில் கேமிங் கணினி: பின்னால் கூட்டிக்கொள்ள இடம் வைத்துப் பாகங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணத்தில் கணினிக் கடை என்றால் பெரும்பாலும் பிரிண்டருக்கு மை நிரப்புவதும் கைப்பேசிக்குக் கண்ணாடி மாற்றுவதும்தான் வேலை. மதர்போர்டும் கிராபிக்ஸ் கார்டும் வேண்டுமென்றால் ஈப்போவுக்குப் போக வேண்டும். இல்லையென்றால் ஷாப்பியிலோ லசாடாவிலோ ஆர்டர் போட்டுவிட்டுப் பார்சலுக்குக் காத்திருக்க வேண்டும். வந்த பாகம் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பி, மாற்று வந்து சேர்வதற்குள் பள்ளி விடுமுறை முடிந்துவிடும். அதனால் இங்கே கணினி கட்டுவதில் முக்கால் பங்கு வேலை, ஸ்குரூ டிரைவரைத் தொடுவதற்கு முன்பே தாளில் முடிந்திருக்க வேண்டும்.

கணக்கு இதுதான்: பின்னால் கழற்றி மாற்றப் போகிற பாகத்தில் சிக்கனம் பிடியுங்கள், கூடவே இருக்கப் போகிற பாகத்தில் பிடிக்காதீர்கள். கிராபிக்ஸ் கார்டு சில ஆண்டுகளில் மாறும். பிராசசர் ஒரு தடவை மாறலாம். ராம் கூடும். பவர் சப்ளை, மதர்போர்டு, கேசிங் மூன்றும் அப்படியே இருக்கும். கடையில் கட்டி விற்கும் மலிவு 'கேமிங் செட்'டில் இது பெரும்பாலும் தலைகீழாக இருக்கும். கார்டும் கலர் விளக்கும் பளிச்சென்று இருக்கும். பவர் சப்ளை பெயர் தெரியாத சரக்கு, மதர்போர்டு இருப்பதிலேயே மலிவானது. இரண்டு ஆண்டு கழித்துக் கார்டை மட்டும் மாற்றலாம் என்று போனால், கார்டுக்குப் பவர் சப்ளை போதவில்லை, புதுப் பிராசசருக்கு மதர்போர்டு ஒத்து வரவில்லை, மதர்போர்டை மாற்றினால் பழைய ராம் உட்காரவில்லை என்று முழுக் கணினிக்கும் மறுபடி காசு கட்ட வேண்டி வரும்.

திரையிலிருந்து தொடங்குங்கள்

எந்தக் கார்டு என்று கேட்பதற்கு முன், எந்தத் திரை, எந்த விளையாட்டு என்று முடிவு செய்யுங்கள். வேலொரண்ட், டோட்டா 2, கவுண்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகள் பிராசசரைத்தான் அதிகம் வாட்டும். கார்டு நடுத்தரமாக இருந்தாலே போதும். கதையோடு போகும் புதிய பெரிய விளையாட்டுகள் கார்டையும் அதன் நினைவகத்தையும் தின்னும். 1080பி திரைக்கு 8 ஜிபி கார்டு இன்றைக்குக் குறைந்தபட்சம். 1440பி திரை வாங்கும் எண்ணம் இருந்தால் 12 ஜிபிக்குக் கீழே இறங்க வேண்டாம்.

விலையை வெள்ளி (ரிங்கிட்) கணக்கில் எழுதி வைத்துப் பயனில்லை. 2025 கடைசியில் ராம் விலை ஏறிய வேகத்தில், ஒரு மாதத்து விலைப் பட்டியல் அடுத்த மாதத்துக்கு உதவவில்லை. பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். திரை, விசைப்பலகை, மவுஸ் நீங்கலாக, கையில் இருக்கும் ஒவ்வொரு 100 வெள்ளியிலும் கார்டுக்கு 35, பிராசசருக்கு 16, மதர்போர்டுக்கு 14, ராமுக்கு 14, எஸ்எஸ்டிக்கு 8, பவர் சப்ளைக்கு 8, கேசிங்குக்கும் காற்றாடிக்கும் 5. ராம் விலை ஏறிக் கிடக்கும் காலத்தில் அந்தக் கூடுதல் காசைக் கார்டின் பங்கிலிருந்து எடுங்கள். பவர் சப்ளை பங்கைத் தொடாதீர்கள்.

சாக்கெட்: வளர்ச்சிக்கு இடம் இங்கேதான்

மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடம்தான் சாக்கெட். புதிதாகக் கட்டுகிறவர் முன்னால் மூன்று வழி இருக்கிறது.

முதல் வழி ஏஎம்டியின் ஏஎம்4. 2017-இல் கடைக்கு வந்த சாக்கெட், ராம் டிடிஆர்4 (டிடிஆர்5-க்கு முந்தின தலைமுறை ராம்). ரைசன் 5 5600 பிராசசர் இன்னும் நல்ல சரக்கு: 6 கோர், 65 வாட், பெட்டியோடு கூலரும் வரும். விலை சகாயம், பழைய பாகமும் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் இது முடிந்துபோன பாதை. இந்தச் சாக்கெட்டில் விளையாட்டுக்குச் சிறந்தவையான எக்ஸ்3டி வகைப் பிராசசர்கள் இப்போது புதிதாகக் கிடைப்பது அரிது. வீட்டில் ஏற்கெனவே டிடிஆர்4 ராம் சும்மா கிடந்தாலோ, அண்ணனோ மாமாவோ பழைய மதர்போர்டு தந்தாலோ இந்த வழியில் போங்கள். இங்கே ஒரு பொறி: 5600-க்கும் 5500-க்கும் பெயரில் சிறு வித்தியாசம்தான், உள்ளே வேறு சரக்கு. 5500-இல் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) பாதி, 32 எம்பிக்குப் பதில் 16 எம்பி. பிசிஐஇ 4.0-வும் (கார்டுக்கும் பிராசசருக்கும் இடையே தகவல் போகும் பாதையின் தலைமுறை) கிடையாது. 50, 60 வெள்ளி மிச்சம் என்று அதில் விழாதீர்கள்.

இரண்டாவது இன்டெலின் எல்ஜிஏ1700. ஐ5-12400எஃப் நல்ல தொடக்கம், ஐ3-12100எஃப் அதைவிட மலிவு. 12, 13, 14 என மூன்று தலைமுறை இதில் உட்காரும், அதற்கு மேல் கிடையாது. மதர்போர்டு எச்610 என்றால் ராம் இடம் இரண்டுதான், ராம் வேகத்தைக் கூட்டவும் முடியாது. பி660 அல்லது பி760 பாருங்கள். இந்த வகையில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. பெயர் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், கடைசியில் 'டி4' என்ற எழுத்து மட்டும் மாறும். ஆன்லைனில் தப்பாக வந்து சேரும் போர்டுகளில் இது அடிக்கடி நடப்பது.

மூன்றாவது ஏஎம்5. செப்டம்பர் 2022-இல் வந்தது, டிடிஆர்5 மட்டும். 2027 வரைக்கும் அதற்கு மேலும் இந்தச் சாக்கெட்டைத் தொடர்வதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது. இன்று ரைசன் 5 7500எஃப் போட்டு, பின்னால் 7800எக்ஸ்3டியோ 9800எக்ஸ்3டியோ பழையதாகக் கிடைக்கும்போது பிராசசரை மட்டும் மாற்றினால் போதும். ராம், போர்டு, கூலர் பிடிமானம் எதையும் தொட வேண்டியதில்லை. 'பின்னால் கூட்டலாம்' என்பது வெறும் பேச்சாக இல்லாமல் நிஜமாக நடக்கிற வழி இப்போதைக்கு இதுதான். புதிதாகக் கட்டுகிறவருக்கு நாங்கள் சொல்வதும் இதுதான்.

7500எஃப் பெரும்பாலும் பெட்டி இல்லாமல் 'டிரே' சரக்காக வரும். கூலர் சேர்த்தா இல்லையா என்று கேட்டுவிட்டுக் காசு கட்டுங்கள். 'எஃப்' என்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் தெரியாது.

கார்டுக்குக் காசு இப்போது இல்லை, உள் கிராபிக்ஸில் ஓட்டிவிட்டுத் தீபாவளி போனஸில் கார்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இருப்பார்கள். நல்ல யோசனைதான், ஆனால் உள் கிராபிக்ஸ் உள்ள ரைசன் 5 8600ஜி எடுங்கள், 8500ஜி வேண்டாம். 8600ஜி கார்டுக்கு 8 பிசிஐஇ பாதை தரும். 8500ஜி 4 பாதைதான் தரும். பிறகு வாங்கும் கார்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்தக் குறுகிய பாதையில்தான் போய்வர வேண்டும். உள் கிராபிக்ஸில் ஓட்டுவதென்றால் ராம் கட்டாயம் இரண்டு துண்டாக இருக்க வேண்டும். ஒரே துண்டு போட்டால் வேலொரண்ட்கூடத் தடுமாறும்.

போர்டில் பி650 எடுங்கள். ஏ620-உம் ஓடும், 65 வாட் பிராசசரோடு நிற்பவருக்குப் போதும். ஆனால் மலிவான ஏ620 போர்டுகள் பலவற்றில் சாக்கெட்டைச் சுற்றியுள்ள மின்சுற்றுக்கு மேல் அலுமினியத் தகடு இருக்காது. 120 வாட் பிராசசர் பின்னால் வரப் போகிறதென்றால், குளிர்சாதனம் இல்லாத அறையில் அந்த வெறும் சிப்புகள் சூடேறி, பிராசசர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். போர்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து நான்கைச் சரிபாருங்கள்: மின்சுற்றின் மேல் தகடு, எஸ்எஸ்டி செருக இரண்டு எம்.2 இடம், பின்பக்கத்தில் பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) ஃபிளாஷ்பேக் பொத்தான், குறைந்தது மூன்று காற்றாடி இணைப்பு. அந்தப் பொத்தான் இருந்தால் புதிய பிராசசரை அடையாளம் தெரியாத பழைய பயாஸை, பிராசசர் இல்லாமலேயே ஒரு பென்டிரைவை வைத்துப் புதுப்பித்துவிடலாம். பென்டிரைவ் எஃப்ஏடி32-ஆக ஃபார்மட் ஆகியிருக்க வேண்டும். பயாஸ் போடுவதற்காக மட்டும் ஈப்போவுக்கு ஒரு நடை மிச்சம்.

கார்டு

புதிதாக வாங்கினால் ஆர்டிஎக்ஸ் 5060, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, இன்டெல் ஆர்க் பி580 மூன்றும் இந்த விலை வட்டத்தில் வரும். 9060 எக்ஸ்டியில் 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு உண்டு. விலை வித்தியாசம் தாங்குமென்றால் 16 ஜிபிதான் நெடுநாள் ஓடும். பி580-இல் 12 ஜிபி இருக்கிறது, விலைக்கு நிறையத் தரும். ஆனால் கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் எட்டவிடும் ரீசைசபிள் பார் என்ற வசதி பயாஸில் திறந்திருக்க வேண்டும், பழைய பிராசசரோடு சேர்த்தால் இடறும். பழைய கணினியில் செருக அது வேண்டாம்.

பழைய கார்டு என்றால் ஆர்எக்ஸ் 6600 (132 வாட், ஒரே ஒரு 8-பின் வயர்) அல்லது ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி (170 வாட்) தேடுங்கள். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி 4 ஜிபி மலிவாகக் கண்ணில் படும். அதன் பிசிஐஇ பாதை நான்குதான். பிசிஐஇ 3.0 போர்டில் போட்டால் பாதி உயிர் போய்விடும்.

ஆன்லைனில் இரண்டு ஏமாற்று இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஒன்று 'ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி'. அசல் 580-இல் 2304 ஷேடர் (கார்டுக்குள் கணக்குப் போடும் சிறு அலகு). 2048 உள்ளது உண்மையில் 570-இன் தரம். விவரக் குறிப்பில் பொடி எழுத்தில் அந்த எண் இருக்கும், அதைத் தேடுங்கள். இன்னொன்று போலி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. பழைய ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற கார்டில் பயாஸை மாற்றி எழுதி விற்பது. பார்த்ததும் பிடிக்க ஒரு வழி உண்டு: பின்பக்கத்தில் நீல நிற விஜிஏ வாய் இருந்தால் சந்தேகப்படுங்கள், ஏனென்றால் 1050 டிஐயின் சிப்புக்கு அனலாக் சிக்னல் அனுப்பவே தெரியாது. பொருத்திய பிறகு ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்தால் போலிக் கார்டுக்குப் பெயர் முன்னாலேயே 'ஃபேக்' என்று காட்டிக்கொடுத்துவிடும்.

நேரில் பழைய கார்டு வாங்கப் போனால், விற்பவர் வீட்டில் அது ஓடுவதைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். கார்டைச் சோதிக்கும் ஃபர்மார்க் மென்பொருள் 15 நிமிடம் ஓடட்டும். திரையில் புள்ளியோ கோடோ விழுகிறதா, காற்றாடி கரகரக்கிறதா, சூடு 85 பாகையைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். கார்டின் எல்லா எச்டிஎம்ஐ, டிஸ்பிளே போர்ட் வாய்களிலும் ஒருமுறை திரையைச் செருகிப் பாருங்கள்; இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

ராமும் எஸ்எஸ்டியும்

16 ஜிபி தொடக்கம், 32 ஜிபி வசதி. ஏஎம்5-க்கு டிடிஆர்5-6000 (வேக எண்), சிஎல்30 அல்லது சிஎல்36 (தாமத எண்). டிடிஆர்4 என்றால் 3200, சிஎல்16, 8 ஜிபி துண்டு இரண்டு.

டிடிஆர்5-இல் 8 ஜிபி துண்டு வாங்குவதைத் தவிருங்கள். அதில் சிப் எண்ணிக்கை குறைவு, உள்ளே தகவலைப் பிரித்து வைக்கும் அடுக்குகளும் பாதி, அதனால் அதே வேக எண் எழுதியிருந்தாலும் 16 ஜிபி துண்டைவிட மந்தம். 32 ஜிபிக்குக் கையில் காசு இல்லையென்றால், கார்டு தனியாக உள்ள கணினியில் 16 ஜிபி துண்டு ஒன்றே ஒன்று போட்டு, பிறகு அதே மாடலில் இன்னொன்று சேர்க்கலாம். கொஞ்ச நாள் வேகம் குறையும், அவ்வளவுதான். ராமின் மாடல் எண்ணைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், கடையில் 'அதே பிராண்டுதான்' என்று சொல்வது போதாது. ஏஎம்5-இல் நான்கு துண்டு போட்டால் அதிகாரப்பூர்வ வேகம் 3600-க்கு இறங்கிவிடும். ஆகவே இந்தச் சாக்கெட்டில் ராம் இடம் இரண்டே உள்ள போர்டு வாங்குவதால் பெரிய நட்டம் கிடையாது.

எஸ்எஸ்டி 1 டிபி, எம்.2 இடத்தில் உட்காரும் என்விஎம்இ, உள்ளே டிஎல்சி வகைச் சிப். டிராம் (தனியாக உள்ள வேக நினைவகச் சிப்) இல்லாத மாடல் விளையாட்டுக்குப் போதும். நம்ப முடியாத விலைக்கு 2 டிபி, 4 டிபி என்று வருபவை பொய்க் கொள்ளளவு. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளில் முழுதும் எழுதிப் படித்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

பவர் சப்ளை

650 வாட், '80 பிளஸ் பிரான்ஸ்' (80 Plus Bronze) என்ற சிக்கன முத்திரை அல்லது அதற்கு மேலே, ஐந்தாண்டு வாரண்டி. இதற்குக் காரணத்தைக் கணக்காகவே பார்க்கலாம். 7500எஃப் அதிகபட்சம் 88 வாட் இழுக்கும், ஆர்எக்ஸ் 6600 132 வாட், போர்டு, எஸ்எஸ்டி, காற்றாடி எல்லாம் சேர்த்து 50 வாட். ஆக 270. இன்றைக்கு 450 வாட்டே ஏராளம். நாளைக்கு 250 வாட் கார்டான ஆர்டிஎக்ஸ் 5070-க்குப் போனால், அதற்கு என்விடியா சொல்லும் பவர் சப்ளை 650. இப்போதே அதை வாங்கிவிட்டால் இரண்டாவது தடவை வாங்க வேண்டாம்.

பெட்டியின் மேல் பெரிதாக எழுதியிருக்கும் வாட்டை நம்பாதீர்கள். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் +12வி என்ற பத்தியைப் பாருங்கள். அங்கே ஆம்பியர் போட்டிருக்கும், 12-ஆல் பெருக்குங்கள். நல்ல 550 வாட் சப்ளையில் 45 ஆம்பியர் அளவில் இருக்கும், அதாவது 540 வாட். பெயர் தெரியாத '500 வாட்' பெட்டியில் 18 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் கிடைப்பது 216 வாட்தான். கார்டும் பிராசசரும் தின்பது இந்த 12 வோல்ட் வழியைத்தான். மற்ற பத்திகளின் வாட்டைக் கூட்டி எழுதிய எண்ணால் பயனில்லை. விளையாட்டு நடுவில் கணினி பொட்டென்று அணைந்து தானாக மறுபடி ஏறுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

பின்பக்கத்தில் 115/230 என்ற சிவப்புச் சுவிட்ச் இருக்கிறதா? இருந்தால் அது பழைய பாணி மலிவுச் சரக்கு, கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். வீட்டுக் குழந்தை அந்தச் சுவிட்சை 115-க்குத் தள்ளிவிட்டுப் பிளக்கைப் போட்டால் வெடிச் சத்தத்தோடு கதை முடியும்.

கழற்றி மாட்டும் வயர் உள்ள சப்ளையில் ஒரு எச்சரிக்கை: வேறு பிராண்டின் வயரைச் செருகாதீர்கள். வாய் பொருந்தும், ஆனால் உள்ளே பின் வரிசை வேறு. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் எஸ்எஸ்டி எரியும். சப்ளையோடு வந்த வயர்களை ஒரு பையில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள்.

எர்த்தும் இடியும்

கேசிங்கின் இரும்பைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று எறும்பு ஊர்வது போல இருக்கிறதா? பழைய தோட்ட வீடுகளிலும் பின்கட்டில் நீட்டிப் போட்ட வயரிங்கிலும் இது சகஜம். சப்ளையின் உள்ளே மின்சாரத்தின் இரைச்சலை வடிகட்டி எர்த்துக்கு அனுப்பும் இரண்டு சிறு கெபாசிட்டர்கள் உண்டு. எர்த் வயர் எங்கும் போய்ச் சேரவில்லை என்றால், கேசிங் முழுவதும் மின் அழுத்தத்தில் ஏறக்குறையப் பாதியில் நிற்கும். மின்னோட்டம் மிகச் சிறிது, ஆளை வீழ்த்தாது. ஆனால் அந்த நிலையில் திரையின் வயரையோ யுஎஸ்பியையோ செருகும்போது எழும் பொறி, கார்டின் வாயைக் கெடுக்கப் போதும். சப்ளை உண்மையிலேயே பழுதானால் ட்ரிப் ஆக வேண்டிய மின்சாரம் உங்கள் கை வழியாகப் போகும்.

பத்து இருபது வெள்ளிக்கு மூன்று விளக்கு உள்ள சாக்கெட் டெஸ்டர் கிடைக்கும். செருகினால் எர்த் இருக்கிறதா என்று விளக்கு சொல்லும். இல்லையென்றால் உரிமம் பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள், சாக்கெட்டை நீங்களே திறக்க வேண்டாம். சுவர் சாக்கெட்டின் எர்த் துளையைப் பேனாவால் ஏமாற்றி இரண்டு முள் பிளக்கைச் செருகும் வழக்கம் கணினிக்கு வேண்டவே வேண்டாம்.

சர்ஜ் புரொடெக்டர் வாங்கிவிட்டோம், இடி பயம் இல்லை என்று நினைப்பதும் தவறு. உள்ளே இருக்கும் பாகம் அதிக மின்சாரத்தில் ஒரு பங்கை எர்த்துக்குத் தள்ளித்தான் காப்பாற்றுகிறது. எர்த் இல்லாத வீட்டில் அந்த வேலை அரைகுறை. ஒவ்வொரு இடிக்கும் அது கொஞ்சம் தேயவும் செய்யும். மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை இடி கடுமை. வானம் கறுத்தால் சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கை உருவுங்கள். ரவுட்டரிலிருந்து வரும் லேன் வயரையும் உருவுங்கள். ஃபைபர் இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பது உண்மைதான், ஆனால் ரவுட்டரின் அடாப்டர் வழியாக வந்த இடி, லேன் செம்புக் கம்பி வழியாக மதர்போர்டுக்குள் வரும். பவர் சப்ளைக்கு ஒன்றும் ஆகாமல் லேன் சிப் மட்டும் செத்த போர்டுகள் அப்படி வருபவைதான்.

கேசிங்

முன்பக்கம் கண்ணாடியா, சல்லடையா என்று பாருங்கள். சல்லடைதான் வேண்டும். நம் மதிய வெயிலில் அறையே 32, 33 பாகை. கண்ணாடி முகப்புக்குப் பின்னால் காற்றாடி வைப்பது வீண். முன்னால் இரண்டு 120 மில்லிமீட்டர் காற்றாடி உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள, இது போதும். கார்டு நீளம் 300 மில்லிமீட்டர், கூலர் உயரம் 155 மில்லிமீட்டர் தாங்குமா என்று விவரக் குறிப்பில் பாருங்கள். இன்றைய சின்னக் கார்டுக்கு எந்தக் கேசிங்கும் போதும். நாளைய கார்டுக்குத்தான் இந்த அளவு.

மலிவுக் கேசிங்கில் பின்பக்கக் கார்டு மூடிகள் தகட்டோடு ஒட்டியே இருக்கும், ஒடித்தால் திரும்பப் பொருந்தாது. தேவையான இரண்டை மட்டும் ஒடியுங்கள். ஆட்டி ஆட்டி நாலைந்தை ஒடித்துவிட்டால் பல்லிக்கு வாசல் திறந்த மாதிரி. சூடு தேடி உள்ளே போகும் பல்லி, போர்டின் பின்புறத்திலோ பவர் சப்ளைக்குள்ளோ கிடந்து கருகினால் போர்டும் சேர்ந்து போகும். ஏற்கெனவே ஒடிந்திருந்தால் கொசுவலைத் துண்டை உள்பக்கம் ஒட்டிவிடுங்கள், காற்றும் போகும்.

கணினியைத் தரையில் வைக்காதீர்கள். சிமெண்டுத் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவும் வீட்டில் இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. எறும்பும் தரையிலிருந்துதான் ஏறும். செம்பனைக் குலை ஏற்றிய லாரி போகும் செம்மண் பாதை ஓரத்து வீடென்றால், மழையில்லாத வாரங்களில் முன் வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவிக் காயவைத்துப் போடுங்கள்.

வாங்கும்போது

'ஐ7 கேமிங் பிசி, 999 வெள்ளி' என்ற விளம்பரத்தில் ஐ7 என்பது தலைமுறையைச் சொல்லாது. ஐ7-2600 வந்தது 2011-இல், ஐ7-4770 2013-இல். இன்றைய ஐ3-12100எஃப் அவற்றைச் சுலபமாக முந்தும். இன்னொன்று, விண்டோஸ் 11-இல் வேலொரண்ட் ஓட டிபிஎம் 2.0-வும் (பாதுகாப்புச் சிப்) செக்யூர் பூட்டும் (கணினி தொடங்கும்போதே சரிபார்க்கும் பாதுகாப்பு அமைப்பு) வேண்டும். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 14 அக்டோபர் 2025-இல் முடிந்துவிட்டது. இன்டெலில் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே விண்டோஸ் 11-க்கு அதிகாரப்பூர்வமாக இடமில்லை. அலுவலகத்தில் கழித்துக்கட்டிய டெல், எச்பி பெட்டிகளும் இப்படி வரும். அவற்றில் 8-ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ கிடைத்தால் தொடக்கத்துக்குப் பரவாயில்லை, ஆனால் பல மாடல்களில் பவர் சப்ளையின் வாய் அவர்கள் தனியாக வைத்தது. சாதாரண 24-பின் சப்ளை நேராகச் செருகாது. வளர்ச்சிக்கு அங்கே வழி குறுகல்.

கடையில் வாங்கினால் ரசீதில் மாடல் எண் முழுதாக இருக்க வேண்டும். 'கிராபிக்ஸ் கார்டு 8 ஜிபி' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், "அண்ணே, மாடல் எண்ணையும் போட்டுக் கொடுங்க" என்று கேட்டு வாங்குங்கள். லோக்கல் செட்டா, இறக்குமதிச் செட்டா என்றும் கேளுங்கள். இரண்டாவது வகைக்கு வாரண்டி விற்பவரை மட்டுமே நம்பியது. பார்சலில் வந்தால், ஒட்டியிருக்கும் சீட்டு தெரிய, பிரிப்பதை ஒரே தொடர்ச்சியாக வீடியோ எடுங்கள். திருப்பி அனுப்பும் பேச்சு வந்தால் அந்த வீடியோதான் பேசும்.

பூட்டும்போது இடறும் இடங்கள்

எல்லாவற்றையும் கேசிங்கில் திருகிய பிறகு சோதிக்காதீர்கள். மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேல் போர்டை வைத்து, பிராசசர், கூலர், ஒரு ராம், கார்டு மட்டும் போட்டு, சப்ளையை இணைத்து, பவர் சுவிட்ச் பின்கள் இரண்டையும் ஸ்குரூ டிரைவர் நுனியால் ஒரு நொடி தொடுங்கள். படம் வந்தால் மீதியைப் பூட்டலாம்.

ஏஎம்5 சாக்கெட்டில் முட்கள் போர்டில் இருக்கும், மயிரிழை மெல்லியவை. பிராசசரைத் தள்ளாமல், முக்கோணக் குறி பார்த்து அப்படியே வையுங்கள். சாக்கெட்டை மூடியிருந்த கறுப்புப் பிளாஸ்டிக் மூடியைப் பத்திரப்படுத்துங்கள், வாரண்டிக்குப் போகும்போது கேட்பார்கள். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தாயிற்றா? ஏஎம்4-இல் பின்னால் கூலரைக் கழற்றும்போது நேராக இழுத்தால் பேஸ்ட் இறுகிப் பிராசசரும் கூடவே பிடுங்கி வரும். கணினியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அணைத்து, பிளக்கை உருவிவிட்டு, கூலரைத் திருகித் திருகி எடுங்கள்.

ராம் இரண்டு துண்டென்றால் நான்கு இடமுள்ள போர்டில் பிராசசரிலிருந்து எண்ணி 2, 4 இடங்களில் போடுங்கள். முதல் தடவை டிடிஆர்5 கணினி படம் காட்டச் சில நிமிடம்கூட ஆகலாம், கறுப்புத் திரை. அது ராமைப் பழக்கிக்கொள்ளும் நேரம். பயந்து பிளக்கைப் பிடுங்காதீர்கள். பத்து நிமிடம் கடந்தும் ஒன்றுமில்லை என்றால் போர்டின் ஓரத்தில் உள்ள சின்ன விளக்குகளைப் பாருங்கள், சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு. எது நின்று எரிகிறதோ அங்கே கோளாறு. சிபியு விளக்கு என்றால் போர்டின் மேல் மூலையில் 8-பின் வயர் செருகவில்லை என்பதாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

படம் வந்த பிறகும் மூன்று வேலை பாக்கி. திரை வயர் கார்டில் செருகியிருக்கிறதா, மதர்போர்டிலா? ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி அமைப்பைப் பயாஸில் திறந்தாயிற்றா? இல்லையென்றால் 6000 ராம் 4800-இல்தான் ஓடும். விண்டோஸ் டிஸ்பிளே அமைப்பில் 144 ஹெர்ட்ஸ் திரை 60-இலேயே நிற்கிறதா? காசு கொடுத்து வாங்கிய வேகத்தை மாதக்கணக்கில் பயன்படுத்தாமலே இருப்பவர்கள் இந்த மூன்றில்தான் கோட்டை விடுகிறார்கள்.

அடுத்து எதை மாற்றுவது

விளையாடும்போது கார்டின் பயன்பாட்டு விகிதத்தைப் பாருங்கள். 95-க்கு மேல் நின்றும் படம் ஓடுவது மந்தமென்றால் கார்டுதான் போதவில்லை. கார்டு 60-இல் சோம்பிக் கிடக்க, படம் மட்டும் திக்கித் திக்கி ஓடினால் பிராசசர் அல்லது ராம். ராம் 90 விழுக்காடு நிரம்பியிருந்தால் முதலில் அதைக் கூட்டுங்கள், பிராசசர் மாற்றுவதைவிட அது எளிது. எஸ்எஸ்டி நிரம்பினால் இரண்டாவது எம்.2 இடம் இருக்கிறது; ஆனால் சில போர்டுகளில் அதை நிரப்பினால் ஒரு சாட்டா வாய் (வயர் போட்டு டிரைவ் இணைக்கும் இடம்) அணைந்துவிடும், கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பிராசசர் மாற்றுவதற்கு முன் பயாஸை, பழைய பிராசசர் இருக்கும்போதே, இடியில்லாத நேரம் பார்த்துப் புதுப்பியுங்கள். கார்டு மாற்றினால் பழையதை அப்போதே விற்றுவிடுங்கள், அடுத்த தலைமுறை அறிவிப்பு வந்ததும் விலை சரியும். பெட்டி, ரசீது, கடை ஒட்டிய வாரண்டி ஸ்டிக்கர் கிழியாமல் இருந்தால் பழைய பொருள் விற்கும் முடா, கராசல் தளங்களில் சட்டென்று போகும். பவர் சப்ளையின் வாரண்டி அதற்குள் முடிந்திருந்தால், கார்டு விற்ற காசில் முதலில் அதை மாற்றிவிட்டுப் புதுக் கார்டைச் செருகுங்கள்.